ஜியோலைட்ட அழுத்துனா சுருங்கும்னு எழுதுனீங்க, எதுல வச்சு அழுத்துனாங்கன்னு எழுதலயே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல ஜியோலைட் பத்தி, அதாவது உள்ளுக்குள்ள நுண்ணிய ஓட்டை நெறஞ்ச அந்தக் கல்லப் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். தமிழ் பேப்பர்ல இந்த சப்ஜெக்டுக்கு அரைப்பக்கம் ஒதுக்குனதுக்கே உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும், சொல்லிட்டேன். ஆனா கடைசிப் பத்தில, ஜியோலைட்டை ரொம்ப அதிக அழுத்தத்துல வச்சா ஸ்பாஞ்சைப் பிழிஞ்ச மாதிரி உள்ள இருக்க தண்ணியெல்லாம் வெளிய வந்து கல்லு சுருங்கிரும்னு போட்டிருக்கீங்க பாருங்க, அது பாதிதான் சரி. மிச்சப் பாதிலதான் சார் விஷயமே இருக்கு, அதை அப்படியே விட்டுட்டீங்க.

நான் தேவிபட்டினம், திருப்பாலைக்குடில இருந்து தொண்டி வரைக்கும் இறால் பண்ணைகளுக்கு தண்ணி டெஸ்ட் பண்ணிக் குடுக்கற ஆளு, படிச்சது கெமிஸ்ட்ரி. எங்க பக்கம் ஜியோலைட்னா என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, இறால் கழிவால தண்ணில சேர்ற அம்மோனியாவ இழுக்கும்னு குட்டைக்கு மூட்டை மூட்டையா போடுற சாமான் அது. உங்க கட்டுரை வந்த சூட்டோட ஒரு இறால் மருந்துக்கடைக்காரர் அந்தப் பத்திய மட்டும் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, எங்க சரக்கு ஹை பிரஷர்ல பிழிஞ்சு ஓட்டையெல்லாம் காலி பண்ணது, அதனால அம்மோனியாவ ரெண்டு மடங்கு இழுக்கும்னு சொல்லி மூட்டைக்கு கூட ரேட்டு வச்சு வித்துக்கிட்டு இருக்காரு. தொண்டிப் பக்கம் பண்ணை வச்சிருக்க ஒரு காக்கா (எங்க பக்கம் முஸ்லிம் அண்ணன்கள அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்கு போன் போட்டு, தம்பி பேப்பர்லயே வந்துருச்சே, வாங்கிப் போட்டுறவான்னு கேக்குறாரு. பேப்பர்ல வந்தா எங்க ஊர்ல அது சத்தியம் சார், அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கங்க.

கல்லோட அமைப்பப் பத்தி உங்க கட்டுரைல நல்லாவே வந்திருக்கு, அதச் சுருக்கமா மட்டும் ஞாபகப்படுத்துறேன். ஒரு சிலிக்கானச் சுத்தி நாலு ஆக்சிஜன், அங்கங்க சிலிக்கானுக்குப் பதிலா அலுமினியம், இப்படி நாலு முகம் வச்ச நான்முகி நான்முகியா மூலைக்கு மூலை கோத்த சட்டகம், நடுவுல வழியும் அறையும், அலுமினியம் இருக்க இடத்துல வர்ற நெகட்டிவ் சார்ஜ சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம்னு அயனிங்க அந்த வழிக்குள்ள உக்காந்திருக்கும், கூடவே தண்ணியும். 1756-ல ஸ்வீடன்ல கிரான்ஸ்டெட்ங்கறவரு சூடு காட்டுனப்ப நுரைச்சுக் கொதிக்கறதப் பாத்துதான் இது தனி வகைக் கல்லுன்னு எழுதி வச்சாரு. நம்ம நாட்டுல புனே, நாசிக் பக்கம் தக்காண எரிமலைப் பாறைல குமிழி விட்ட பொந்துக்குள்ள அழகழகா கிடைக்குது.

இப்ப அழுத்தத்துக்கு வருவோம். சிலிக்கான் ஆக்சிஜன் பிணைப்பு ரொம்ப விறைப்பானது, லேசுல நசுங்காது. அதனால அழுத்துறப்ப நான்முகி தன்னோட வடிவத்த பெருசா மாத்திக்காது, ரெண்டு நான்முகி சேர்ற மூலைல இருக்க ஆக்சிஜன கீலா வச்சுக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு திரும்பிக்கும், சாஞ்சுக்கும். சட்டகம் சுருங்கறதும் விரியறதும் முக்கால்வாசி இந்தத் திரும்பலாலதான். இவ்வளவு ஓட்டை இருக்கே, பொசுக்குன்னு நசுங்கிருமேன்னு தோணும், எனக்குத் தெரிஞ்ச வாத்தியாருங்களே அப்படித்தான் சொல்லிக் குடுக்குறாங்க. ஆனா அளந்து பாத்தா ஜியோலைட்டுகளோட பருமக் குணகம் (சுருங்க எவ்வளவு முரண்டு புடிக்குதுங்கற அளவு, கூடக் கூட விறைப்பு) சுமாரா 15 கிகாபாஸ்கல்ல இருந்து 70 வரைக்கும் பரவிக் கிடக்கு, அதுல சிலது ஓட்டையே இல்லாத ஃபெல்ஸ்பார் கல்ல விட கம்மியாத்தான் சுருங்குது. உள்ள இருக்க அயனியும் தண்ணியும் முட்டுக் குடுத்து நிக்கிறதும் அதுக்கு ஒரு காரணம். ஆக, ஓட்டை இருந்தா மெத்துன்னு இருக்கும்ங்கற கணக்கே முதல்ல தப்பு.

கிகாபாஸ்கல்னா எவ்வளவுன்னு உங்க கட்டுரைல சொல்லல, சொல்லியிருக்கணும். ஒரு கிகாபாஸ்கல் கிட்டத்தட்ட பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம். கடல்ல பத்து மீட்டர் இறங்குனா ஒரு வளிமண்டலம் கூடும். எங்க பாக் நீரிணைப் பக்கம் ஆழமே பெரும்பாலும் பத்து பதினஞ்சு மீட்டருக்குள்ளதான், மன்னார் வளைகுடாப் பக்கம் வெளிய போனாதான் ஆழக் கடல். உலகத்துலயே ஆழமான மரியானா அகழி, 11 கிலோமீட்டர் கிட்ட, அதோட அடிலயே 0.11 கிகாபாஸ்கல்தான். நான் இங்க பேசப்போற அழுத்தம் பெரும்பாலும் அதுக்குப் பல மடங்கு, ஒரு இடத்துல இருநூறு மடங்கு.

அவ்வளவு அழுத்தத்த ஆய்வகத்துல எப்படிக் கொண்டு வர்றாங்கன்னா, ஒரு காரட்கூட வராத ரெண்டு வைரத்த எடுத்து, அதோட முனைய தட்டையா பட்டை தீட்டி, எதிரெதிரா வச்சு திருகுவாங்க. 1950-கள் கடைசில அமெரிக்காவுல வந்த டெக்னிக் இது, நம்ம கல்பாக்கத்துலயும் இருக்கு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துலயும் இருக்கு. ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு ஸ்டீல் தகடு, அதுல ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு அளவுக்கு ஒரு ஓட்டை, அந்த ஓட்டைதான் மொத்த லேபும். அதுக்குள்ள ஜியோலைட் தூள் கொஞ்சம், ஒரு துணுக்கு ரூபி, மிச்ச இடத்துல ஒரு திரவம். ரூபி எதுக்குன்னா, லேசர் அடிச்சா அது 694 நானோமீட்டர்ல சிவப்பா ஒளிரும், அழுத்தம் கூடக் கூட அந்தக் கோடு கிகாபாஸ்கலுக்கு சுமார் 0.36 நானோமீட்டர் நகரும், அதப் பாத்து உள்ள எவ்வளவு அழுத்தம்னு படிச்சுக்கலாம். வைரம் எக்ஸ்ரேய விட்டுரும்ங்கறதால சிங்க்ரோட்ரான்ங்கற பெரிய மெஷின்ல இருந்து வர்ற செறிவான எக்ஸ்ரே கதிர ஊடால அனுப்பி அணுவெல்லாம் எங்க எங்க இருக்குன்னு பாத்துருவாங்க.

நான் சொன்னதுல அந்தத் திரவம்னு ஒண்ணு வந்துச்சுல்ல, அதுலதான் சார் உங்க கட்டுரை வழுக்கிருச்சு. அந்தத் திரவத்த வெறும் அழுத்தத்தக் கடத்துற சாமானா மட்டும்தான் ரொம்ப நாள் பாத்தாங்க. 1983-ல ராபர்ட் ஹேசன்ங்கறவரு, வாஷிங்டன்ல கார்னகி நிறுவனத்தச் சேர்ந்தவரு, 4ஏ ஜியோலைட்ட, அதாவது நம்ம சோப்புத்தூள்ல போடுற அதே ஜியோலைட்ட, வேற வேற திரவத்துல வச்சு அழுத்திப் பாத்தாரு. கிளிசரால் மாதிரி பெரிய மூலக்கூறா இருந்தா கல்லோட ஓட்டை வழியா உள்ள நுழைய முடியல, கல்லு நல்லா சுருங்குச்சு. தண்ணி, ஆல்கஹால் மாதிரி சின்ன மூலக்கூறா இருந்தா அழுத்த அழுத்த அது உள்ள பூந்துக்கிச்சு, கல்லு கம்மியாத்தான் சுருங்குச்சு. ஒரே கல்லு, ஒரே அழுத்தம், முடிவு மட்டும் வேற.

சுருங்கறது குறையறதாவது பரவால்ல, வீங்கவே வீங்குனா? நேட்ரோலைட்னு ஒரு ஜியோலைட் இருக்கு, தக்காணப் பாறைலயும் ஊசி ஊசியா கிடைக்கும். அதோட ஒரு அலகுக் கூட்டுக்குள்ள (படிகத்துல திரும்பத் திரும்ப வர்ற சின்னக் கட்டம்) சாதாரணமா 16 தண்ணி மூலக்கூறு. தண்ணி கலந்த ஆல்கஹால்ல வச்சு அழுத்தத்த ஏத்திக்கிட்டே போனா, முதல்ல எல்லாக் கல்லும் மாதிரி சுருங்கும், 0.8 கிகாபாஸ்கல் தாண்டுறப்ப திடீர்னு பருமன் கூடும், உள்ள தண்ணி 24 ஆயிரும், 1.5 கிகாபாஸ்கலுக்கு மேல போனா 32 ஆயிரும். அதாவது டபுள். வெளிய இருந்து அவ்வளவு அமுக்குறாங்க, கல்லு அதுக்குள்ள தண்ணிய இழுத்துக்கிட்டு பெருத்து நிக்குது! யோங்ஜே லீ, தாமஸ் வோக்ட்னு ஒரு குழு அமெரிக்காவுல புரூக்ஹேவன் லேப்ல இதப் பண்ணி 2002-ல வெளியிட்டாங்க. எப்படின்னா, அந்தக் கல்லுல நான்முகிச் சங்கிலிங்க கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்கும், அதனால வழி வட்டமா இல்லாம சப்பையா இருக்கும். தண்ணி உள்ள பூர்றப்ப முறுக்கு தளர்ந்து வழி வட்டத்தப் பாத்து வருது, பக்கவாட்டுல ரெண்டு திசைலயும் விரியும், நீளவாக்குல மட்டும் சுருங்கும். அழுத்தத்த எடுத்துட்டா மறுபடி பழைய நிலைக்கே வந்துரும்.

இது இயற்பியல் விதிக்கு எதிரா நடக்கல, அப்படி நெனச்சுறக்கூடாது. கல்லு மட்டும் பெருத்தாலும், கல்லையும் வெளிய இருந்த தண்ணியையும் சேத்துப் பாத்தா மொத்தப் பருமன் குறையத்தான் செஞ்சிருக்கு, ஏன்னா வெளிய இடத்த அடைச்சுக்கிட்டு இருந்த தண்ணி உள்ள காலியா கிடந்த பொந்துல போய் ஒடுங்கிருச்சு. அழுத்தம் கேக்கறதே மொத்தமா இடத்தக் கொற அப்படிங்கறதத்தான், எது கொறையணும்னு அது சொல்லல. அதே நேட்ரோலைட்ட உள்ள நுழைய முடியாத எண்ணெய்ல வச்சு அமுக்குனா இந்த வீக்கமெல்லாம் வராது, சுருங்கிக்கிட்டேதான் போகும்.

இன்னும் மேல போனா என்ன ஆகும்ங்கறது அடுத்தது. உள்ள முட்டுக் குடுக்க ஆள் இல்லாம அமுக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல அந்த வரிசையெல்லாம் குலைஞ்சு கண்ணாடி மாதிரி உருவமில்லாத நிலைக்குப் போயிரும். 4ஏ மாதிரி சில ஜியோலைட்டுக்கு சில கிகாபாஸ்கல்லயே அது நடந்துரும். ஆனா பிரான்ஸ்ல ஜூலியன் ஹைன்ஸ் குழு 2010-ல ஒண்ணு காட்டுனாங்க, அலுமினியமே இல்லாத சிலிக்கலைட்ங்கற ஜியோலைட்டுக்குள்ள கார்பன் டை ஆக்சைடையோ ஆர்கானையோ நிரப்பிட்டு அமுக்குனா 25 கிகாபாஸ்கல் வரைக்கும் படிக வரிசை கலையாம நிக்குது. வெத்தா இருந்தா எப்பவோ உக்காந்துருக்கும். மரியானா அகழிக்கு இருநூறு மடங்குன்னு மேல சொன்னேனே, அது இதான்.

செனான் கதைய எழுதாம விட மனசு வரல. வெள்ளி அயனி ஏத்துன நேட்ரோலைட்ட செனான் வாயுல வச்சு 1.7 கிகாபாஸ்கல், 250 டிகிரி செல்சியஸ் குடுத்தப்ப, அந்த வழியவிடப் பெரிய செனான் அணு உள்ள போய் உக்காந்துருச்சு, அழுத்தத்த எடுத்தும் வெளிய வரல. அதே லீ குழுதான், 2014-ல. எதோடயும் ஒட்டாத வாயுவ ஒரு கல்லுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க. பூமியோட காத்துல இருக்க வேண்டிய அளவு செனான் இல்லயே, எங்க போச்சுன்னு ஒரு பழைய கேள்வி இருக்கு, அதுக்கும் இத இழுத்துப் பேசுறாங்க. இதே வழில யூரோப்பியம்ங்கற உலோகத்தோட அயனிய பொட்டாசியம் நேட்ரோலைட்டுக்குள்ள அமுக்கி அடைச்சும் காட்டியிருக்காங்க, அணுக்கழிவ அடைச்சு வைக்க ஒரு வழி ஆகுமான்னு பாக்கறதுக்கு.

கடலோரத்துல இருக்கறதால எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. மேல சொன்ன சிலிக்கலைட்டுக்குத் தண்ணியே ஆகாது, சும்மா தண்ணில போட்டா உள்ள ஒரு சொட்டு ஏறாது. 100 மெகாபாஸ்கல் (0.1 கிகாபாஸ்கல்) கிட்ட அழுத்துனா திடீர்னு ஏறும், அழுத்தத்த விட்டா அப்படியே வெளிய வந்துரும், ஒரு ஸ்பிரிங் வேலைய தண்ணியும் கல்லும் சேந்து பாக்குது. ஷாக் அப்சார்பருக்கு ஆகும்னு ஆராய்ச்சி ஓடுது. அந்த 100 மெகாபாஸ்கல்ங்கறது கடல்ல சுமார் பத்து கிலோமீட்டர் ஆழம். உப்புத் தண்ணியா இருந்தா உள்ள ஏத்த இன்னும் கூட அழுத்தம் வேணும். பாத்தீங்களா, இங்கயும் திரவம்தான் நாட்டாமை.

ஜியோலைட் மட்டும்னு இல்ல, 2025-ல கிட்டகாவா, ராப்சன், யாகி மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல் வந்துச்சே, அந்த உலோக கரிமச் சட்டகங்களும் (உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்துச் செஞ்ச ஓட்டைப் பொருளுங்க) இதே கூத்துதான். ஜிஃப்-8னு ஒண்ணு, உள்ள எதுவும் நுழையாம அமுக்குனா 0.34 கிகாபாஸ்கல்லயே ஒழுங்கு கலைஞ்சு போச்சு, திரும்பவும் வரல. மெத்தனால் எத்தனால் கலவைல அமுக்குனா 1.47 கிகாபாஸ்கல்ல அதோட ஓட்டை வாசல்ல இருக்க வளையமெல்லாம் கதவு மாதிரி திரும்பி வழி பெருசாச்சு.

ஜனங்களுக்கு ஜியோலைட்னு பேர் தெரிஞ்சதே 2021 கொரோனா ரெண்டாவது அலைலதான், ஆக்சிஜன் பிளாண்டுக்குன்னு ரோம்ல இருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானத்துல கொண்டு வந்தாங்க. அதுலயும் அழுத்தம்னு வரும், ஆனா அது சில வளிமண்டலம்தான், காத்த அழுத்தி அனுப்புனா நைட்ரஜன் ஜியோலைட்ல போய் ஒட்டும், ஆக்சிஜன் தனியா வரும், அழுத்தத்த இறக்குனா நைட்ரஜன விட்டுரும், சட்டகத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதையும் இதையும் ஒரே பத்தில போட்டுக் குழப்பிட்டீங்களோன்னும் எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, குட்டைக்கு வர்றேன். எங்க குட்டை ஆழம் ஒண்ணரை மீட்டர், அடில கூடுதல் அழுத்தம் 0.15 வளிமண்டலம், ஒரு கிகாபாஸ்கல் அதுக்கு அறுபதாயிரம் மடங்குக்கு மேல, அதனால குட்டைக்குள்ள அழுத்தம் ஒரு வேலையும் பாக்காது. பிழிஞ்சு காலி பண்ணதுன்னே வச்சுக்கங்க, தண்ணில போட்ட நிமிஷமே மறுபடி நெறஞ்சுருமே. தண்ணிய வெளியேத்தணும்னா எல்லாரும் சூடு பண்ணித்தான் வெளியேத்துறாங்க, அழுத்தி இல்ல. உள்ள நுழையாத எண்ணெய்ல வச்சு நிஜமாவே கிகாபாஸ்கல் கணக்குல அமுக்கியிருந்தா ஓட்டை இடிஞ்சு போன தூளத்தான் காசு குடுத்து வாங்கிட்டு வர்றோம். குருணை ஆக்குறதுக்கு மெஷின்ல அமுக்கறத ஹை பிரஷர்னு சொல்றாரோ என்னமோ, அப்படின்னா அது மாத்திரை அடிக்கற வேலை, வேற ஒண்ணுமில்ல.

அத விட முக்கியமான விஷயம் உப்பு. ஜியோலைட் அம்மோனியாவ இழுக்கறது அயனி மாத்துற வேலை, அம்மோனியம் உள்ள போய் சோடியத்த வெளிய தள்ளணும். கடல் தண்ணில ஒரு லிட்டருக்கு சோடியம் 10,800 மில்லிகிராம், பொட்டாசியம் 400 மில்லிகிராம் கிட்ட இருக்கு. குட்டைல அம்மோனியா ஒரு மில்லிகிராம் வந்தாலே நாங்க பதறிருவோம். இயற்கை ஜியோலைட்ல அதிகமா விக்கிற கிளினோப்டிலோலைட்டுக்கு அம்மோனியத்த விட பொட்டாசியம்னாதான் இன்னும் இஷ்டம். அந்தக் கூட்டத்துல ஒரு மில்லிகிராம் அம்மோனியத்துக்கு எங்க சீட் கிடைக்கும்? எங்க பக்கம் கோடைல உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 40 (ஆயிரத்துக்கு 40 பங்கு உப்பு) தாண்டுற குட்டையெல்லாம் இருக்கு, அதுல போடுறது வீண் செலவு. நல்ல தண்ணி மீன் தொட்டில வேலை செய்யும், அத நான் இல்லங்கல.

தொண்டி காக்காகிட்ட தீவனத்தக் கொறங்க, மத்தியானம் பிஎச் பாருங்க, பிஎச் ஏறுனாதான் அம்மோனியா விஷமாகும், தண்ணில காத்தக் கலக்குற ஏரியேட்டர நிறுத்தாதீங்க, முடிஞ்சா தண்ணி மாத்துங்கன்னு சொன்னேன். அவரு அரைமனசாத்தான் கேட்டுக்கிட்டாரு. பேப்பர்ல வந்ததுக்கு எதிரா நான் சொல்றேன்ல.

அதனால ரெண்டு வேண்டுகோள். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்க, அழுத்துனா சுருங்கறதும் வீங்கறதும் ஒழுங்கு கலையறதும் எந்தத் திரவத்துல வச்சு அழுத்துறாங்கங்கறதப் பொறுத்ததுன்னு ஒரு வரி போதும். இன்னொண்ணு, பண்ணைக்காரங்க தாங்களே பாத்துக்கற மாதிரி இத ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க: ரெண்டு பாட்டில் எடுத்துக்கங்க, ஒண்ணுல நல்ல தண்ணி, ஒண்ணுல குட்டைத் தண்ணி, ரெண்டுலயும் ஒரே அளவு அம்மோனியம் குளோரைடு கரைச்சு, ரெண்டுலயும் ஒரே அளவு அந்தக் கடைக்காரரோட ஜியோலைட்டப் போட்டுக் குலுக்கி, ராத்திரி வச்சிருந்து காலைல அம்மோனியா கிட்ல ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க, அம்மோனியா இருந்தா பச்சை வரும், நல்ல தண்ணி டியூப்ல அந்தப் பச்சை எவ்வளவு வெளுத்திருக்கு, குட்டைத் தண்ணி டியூப்ல எவ்வளவு வெளுத்திருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு மூட்டைக்கு காசு குடுங்க. கிட் இல்லாதவங்க பக்கத்துல எந்த தண்ணி டெஸ்ட் லேப்ல குடுத்தாலும் பாத்துக் குடுப்பாங்க, என்கிட்டதான் வரணும்னு இல்ல.

இப்படிக்கு,
தண்ணி டெஸ்ட் பண்ற வாசகர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்